அற்பப் பாவங்களுக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை பாவசங்கீர்த்தனம் செய்வது?

புதிதாகத் திருமுழுக்கு பெற்றவர்களும், பல வருடம் கோயில் பக்கம் வராமல் இருந்து திரும்பியவர்களும் அதிகம் கேட்கும் கேள்வி இது. கொலை, களவு, விபசாரம் என்று பெரிதாக எதுவும் செய்யவில்லை. ஆனால் கோபம் வருகிறது, சின்னச் சின்னப் பொய் வருகிறது, செபத்தில் மனம் நிற்பதில்லை. இதற்கெல்லாம் சாமியிடம், அதாவது குருவிடம், போய்ப் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெற வேண்டுமா? போவதென்றால் எத்தனை நாளுக்கு ஒருமுறை? திருப்பலியில் நற்கருணை (இயேசுவின் உடலாகத் தரப்படும் அப்பம்) வாங்கும் ஒவ்வொரு ஞாயிறும் போக வேண்டுமா?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அற்பப் பாவங்களுக்காகப் பாவசங்கீர்த்தனம் செய்தே ஆகவேண்டும் என்று கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை. ஆனாலும் மாதம் ஒருமுறை போங்கள். மனம் உறுத்தினால் போவோம் என்று விட்டுவிடாமல், ஒரு நாளைக் குறித்து வைத்து, அந்த நாள் வந்ததும் போங்கள். ஏன் என்பதையும் எப்படி என்பதையும் கீழே படிப்படியாகச் சொல்கிறேன். சில கோயில்களில் ஒப்புரவு அருளடையாளம் என்பார்கள், பெரியவர்கள் பாவசங்கீர்த்தனம் என்பார்கள். இரண்டும் ஒன்றுதான்.

முதல் படி: எது சாவான பாவம், எது அற்பப் பாவம்

இதில் தெளிவில்லாமல் எத்தனை நாளுக்கு ஒருமுறை என்ற கேள்விக்குப் போகவே முடியாது. ஒரு பாவம் சாவான பாவம் ஆக வேண்டுமானால் மூன்றும் ஒன்றாகச் சேர வேண்டும். செய்த காரியம் கனமானதாக இருக்க வேண்டும். அது கனமானது என்று தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தும் முழு மனதோடு சம்மதித்துச் செய்திருக்க வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் அது அற்பப் பாவம், அல்லது பாவமே இல்லாமலும் இருக்கலாம். எல்லாத் தீமையும் பாவம்தான், ஆனால் எல்லாப் பாவமும் சாவுக்குரியது இல்லை என்று யோவானின் முதல் திருமுகம் 5ஆம் அதிகாரத்திலேயே இந்த வேறுபாடு வருகிறது.

உதாரணத்துக்கு, ஞாயிறு திருப்பலிக்கு வேண்டுமென்றே, தக்க காரணம் இல்லாமல் போகாமல் இருப்பது கனமான காரியம். காய்ச்சலில் படுத்திருந்ததாலோ, கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாததாலோ போகவில்லை என்றால் அது பாவமே இல்லை. போனீர்கள், ஆனால் மறையுரை நேரம் முழுவதும் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்றால், அது பொதுவாக அற்பப் பாவம். பிள்ளையிடம் எரிந்து விழுவது, அலுவலகத்தில் "பஸ் லேட்" என்று சொல்வது, பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றித் தேவையில்லாமல் பேசுவது, உறவுக்காரர் வீடு கட்டியதைப் பார்த்து வயிறெரிவது, பசிக்கு மேல் தின்பது எல்லாம் பெரும்பாலும் இந்த வரிசையில்தான் வரும். பெரும்பாலும் என்றுதான் சொல்ல முடியும். ஒருவருடைய பேரைக் கெடுக்க வேண்டும் என்றே இட்டுக்கட்டிப் பரப்பினால் அது வெறும் வம்புப் பேச்சு ஆகாது. காரியம் கனமாகிவிடுகிறது.

எந்தப் பக்கம் என்று தெரியாவிட்டால் நீங்களே நீதிபதியாகி உட்கார்ந்து மண்டையைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். "சாமி, இது கனமான பாவமா என்று எனக்குத் தெரியவில்லை" என்று அப்படியே சொல்லுங்கள். அவர் இரண்டு கேள்வி கேட்டுத் தெளிவாக்கிவிடுவார்.

புதியவர்களுக்கு இன்னொன்று. திருமுழுக்கு பெற்ற நாளில் அதற்கு முன் செய்த எல்லாப் பாவமும் மன்னிக்கப்பட்டுவிட்டது. அந்தப் பழைய கணக்கைப் பாவசங்கீர்த்தனத்தில் திறக்க வேண்டியதில்லை. ஆனால் சி.எஸ்.ஐ. போன்ற திருச்சபை ஒன்றில் ஏற்கெனவே முறையாகத் திருமுழுக்கு பெற்றுக் கத்தோலிக்கராகச் சேருகிறவர்களுக்கு மறுபடி திருமுழுக்கு கிடையாது. ஆகவே அவர்கள் சேர்க்கப்படும் நாளுக்கு முன்பே பாவசங்கீர்த்தனம் செய்துகொள்ள வேண்டும். திருமணத்தை ஒட்டிச் சேருகிறவர்கள் கல்யாண அவசரத்தில் இதை விட்டுவிடக் கூடாது. இரண்டு வாரத்துக்கு முன்பே பங்குத்தந்தையிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: சட்டம் என்ன கேட்கிறது

1215இல் கூடிய நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம் (ஆயர்களின் பெரும் கூட்டம்), விவரம் தெரிந்த வயது வந்த ஒவ்வொருவரும் வருடத்துக்கு ஒருமுறையாவது பாவங்களை அறிக்கையிட வேண்டும் என்று விதித்தது. இன்று நடைமுறையில் இருக்கும் 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 989ஆம் எண்ணும் இதையே சொல்கிறது. ஆனால் அதில் ஒரு சொல் முக்கியம்: கனமான பாவங்களை வருடத்துக்கு ஒருமுறையாவது. அதற்கு முந்தைய 988ஆம் எண்ணில் இரண்டு பகுதி உண்டு. கனமான பாவங்களை, என்ன பாவம், எத்தனை முறை என்று சொல்லி அறிக்கையிடுவது கடமை என்கிறது முதல் பகுதி. அற்பப் பாவங்களையும் அறிக்கையிடுவது பரிந்துரைக்கப்படுகிறது என்கிறது இரண்டாவது. கடமை ஒன்று, பரிந்துரை இன்னொன்று.

1551இல் திரெந்து பொதுச்சங்கமும் இதே வழியில்தான் பேசியது. அற்பப் பாவங்களைச் சொல்லாமல் விட்டால் குற்றமில்லை, அவை வேறு பல வழிகளிலும் போக்கப்படலாம், ஆனாலும் சொல்வது நல்லது, பயனுள்ளது. அந்த வேறு வழிகள் என்ன? தகுந்த மனத்தோடு நற்கருணை வாங்குவது, உண்மையான மனத்துயர், செபம், நோன்பு, பிச்சையிடுதல், திருப்பலித் தொடக்கத்தில் வரும் மன்னிப்பு வழிபாடு, விவிலியம் வாசிப்பது. ஆகவே இன்று காலை மனைவியிடம் கத்திவிட்டு, மதியமே மனம் வருந்தி அவரிடமும் கடவுளிடமும் மன்னிப்புக் கேட்டவர், அடுத்த பாவசங்கீர்த்தனம் வரைக்கும் மன்னிப்பில்லாமல் தவித்துக்கொண்டு இருக்க வேண்டியதில்லை.

அப்படியானால் எதற்குப் போவது? இந்தக் கேள்வி 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே எழுந்தது. அற்பப் பாவங்களை அடிக்கடி அறிக்கையிடுவதில் பெரிய பயனில்லை என்று சிலர் பேசத் தொடங்கியபோது, திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1943இல் அதை மறுத்து எழுதினார். தன்னை அறிதல் வளர்கிறது, தாழ்ச்சி வளர்கிறது, கெட்ட பழக்கங்கள் திருந்துகின்றன, மனச்சான்று தூய்மையாகிறது, மனத்திடம் கூடுகிறது, அருளடையாளத்தின் வழியாகவே அருள் பெருகுகிறது என்று காரணங்களை அடுக்கினார். 1992இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வியும் 1458ஆம் எண்ணில், கண்டிப்பாகத் தேவையில்லை என்றாலும் அன்றாடக் குற்றங்களை அறிக்கையிடுவதைத் திருச்சபை வலுவாகப் பரிந்துரைக்கிறது என்கிறது.

எனக்கு இதில் பெரிதாகத் தெரிவது ஒன்று. தனியாக உட்கார்ந்து "ஆண்டவரே மன்னியும்" என்று சொல்லும்போது நம் குற்றத்தை நாம் நினைத்த அளவுக்கே சுருக்கிக்கொள்ள முடியும். இன்னொரு மனிதரின் காதில் விழும்படி வாய்விட்டுச் சொல்லும்போது அது முடிவதில்லை. "கொஞ்சம் கோபப்பட்டேன்" என்று மனதுக்குள் வைத்திருந்தது, சொல்ல ஆரம்பித்ததும் "அம்மாவை அழ வைத்துவிட்டேன்" என்று வெளியே வரும். அந்த இடத்தில்தான் திருந்துவது தொடங்குகிறது.

மூன்றாம் படி: நற்கருணைக்கு முன் ஒவ்வொரு முறையும் வேண்டுமா

வேண்டாம். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் நம் குடும்பங்களில் இன்னமும் பல பெரியவர்கள், பாவசங்கீர்த்தனம் செய்யாததால் நற்கருணை வாங்காமல் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிடுகிறார்கள். கேட்டால் பெரிய பாவம் எதுவும் இருக்காது. போன வாரம் மருமகளோடு வாக்குவாதம், அவ்வளவுதான். அந்த ஆண்டவர்தான் அவர்களுக்கு அதிகம் தேவை. அவரை விட்டுவிட்டு வெறும் வயிற்றோடு வீடு திரும்புகிறார்களே என்று எனக்கு வருத்தமாக இருக்கும்.

இந்தப் பழக்கத்துக்கு வேர் உண்டு. பல நூற்றாண்டுகளாக மக்கள் வருடத்தில் சில முறை மட்டுமே நற்கருணை வாங்கினார்கள், வாங்கும் முன் ஒவ்வொரு முறையும் பாவசங்கீர்த்தனம் செய்தார்கள். இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிப் போயின. 1905 டிசம்பரில் திருத்தந்தை பத்தாம் பயஸ் காலத்தில் வந்த ஆணை இந்தப் பூட்டை உடைத்தது. சாவான பாவம் இல்லாமல் அருள் நிலையில் இருப்பவர், நல்ல நோக்கத்தோடு வந்தால், தினமும்கூட நற்கருணை வாங்கலாம் என்று அது தெளிவாக்கியது. அற்பப் பாவமும் இல்லாமல் இருப்பது மிக நல்லது, ஆனால் அது நிபந்தனை ஆகாது.

சாவான பாவம் செய்திருப்பது தெரிந்தால் மட்டும் வழி வேறு. அப்போது முதலில் பாவசங்கீர்த்தனம், பிறகு நற்கருணை. மாதத் தேதி வரட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் போய்விடுங்கள். இந்தக் கட்டுரை முழுவதும் சொல்லும் இடைவெளிக் கணக்கு அற்பப் பாவங்களுக்கு மட்டும்தான்.

நான்காம் படி: உங்கள் இடைவெளியைக் குறித்துக்கொள்ளுங்கள்

திருத்தந்தை பிரான்சிஸ் 2013 நவம்பரில் ஒரு பொது மறைக்கல்வி உரையில், திருத்தந்தையும் 15 நாளுக்கு ஒருமுறை பாவசங்கீர்த்தனம் செய்கிறார், ஏனென்றால் அவரும் ஒரு பாவி என்று சொன்னார். புனித பிரான்சிஸ் சலேசியார் உலக வாழ்வில் இருப்பவர்களுக்கே வாரம் ஒருமுறையைச் சொன்னார். துறவற சபையினர் மாதம் இருமுறை செய்ய முயல வேண்டும் என்று 1970இல் உரோமையிலிருந்து அறிவுறுத்தல் வந்தது. இதையெல்லாம் பார்த்துவிட்டுப் புதியவர்கள் முதல் மாதத்திலேயே வாரம் ஒருமுறை என்று தொடங்க வேண்டாம் என்பது என் எண்ணம். ஆர்வத்தில் நான்கு வாரம் போவார்கள், ஐந்தாவது வாரம் சொல்ல ஒன்றும் இல்லாததுபோல் தோன்றும், அப்புறம் மொத்தமாக நின்றுவிடும்.

மாதம் ஒருமுறை என்பது பெரும்பாலோருக்குப் பொருந்தும். அதற்கு நடைமுறைக் காரணம் உண்டு. ஒரு மாதத்தில் நடந்ததை மனம் ஓரளவு நினைவில் வைத்திருக்கும். மூன்று மாதம் ஆனால் "கோபம், பொய், சோம்பல்" என்று தலைப்புகள் மட்டுமே மிஞ்சும், எந்தக் கோபம், யாரிடம் என்பது மறந்து போயிருக்கும். நம் பங்குகளில் இதற்கு வசதியாக முதல் வெள்ளி இருக்கிறது. இயேசுவின் திரு இருதய பக்திக்காகத் திருப்பலியும் ஆராதனையும் நடக்கும் நாள், பல கோயில்களில் அன்று அல்லது முந்தின நாள் மாலை பாவசங்கீர்த்தனம் கேட்க சாமி உட்கார்ந்திருப்பார். புதிதாக ஒரு தேதியை நினைவில் வைக்க வேண்டியதில்லை. உடம்புக்கு முடியாதவர்களுக்கு வீட்டுக்கே நற்கருணை கொண்டு வரும் வழக்கமும் பல பங்குகளில் முதல் வெள்ளியில்தான் உண்டு. தாத்தா பாட்டி இருந்தால், வரும் சாமியிடம் அவர்களும் வீட்டிலேயே பாவசங்கீர்த்தனம் செய்யலாம் என்று நினைவுபடுத்துங்கள்.

மாதம் ஒருமுறை பழகிய பிறகு, ஒரு குறிப்பிட்ட கெட்ட பழக்கத்தோடு போராடிக்கொண்டு இருப்பவர்கள் 15 நாளுக்கு ஒருமுறை என்று குறைத்துக்கொள்ளலாம். வாரம் ஒருமுறை என்பதை, உங்களைத் தொடர்ந்து அறிந்த ஒரு சாமியின் ஆலோசனையோடு மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கப்பலில் வேலை, வளைகுடாவில் வேலை, கோயில் வெகு தூரம் என்று இருப்பவர்களுக்கு மாதம் ஒருமுறை முடியாமல் போகலாம். அவர்கள் வருடத்தில் நான்கு இடத்தையாவது பிடித்துக்கொள்ளட்டும்: திருவருகைக் காலம், தவக்காலம், மாதா பிறந்த நாளை ஒட்டிய செப்டம்பர் மாதம் அல்லது சொந்த ஊர்த் திருவிழா, நவம்பர் தொடக்கம். நவம்பரைச் சொல்லக் காரணம், 1ஆம் தேதி முதல் 8ஆம் தேதி வரை கல்லறைத் தோட்டத்துக்குப் போய் இறந்தவர்களுக்காகச் செபிப்பவர்கள் அவர்களுக்காக நிறைபேறு பலன் (பாவத்துக்குரிய தண்டனை முழுவதும் நீங்கும் அருள்) பெறலாம். அதற்கான நிபந்தனைகளில் பாவசங்கீர்த்தனமும் ஒன்று, அந்த நாளுக்கு முன்னோ பின்னோ சுமார் 20 நாளுக்குள் செய்தால் போதும். மாதம் ஒருமுறை போகிறவருக்கு அந்த நிபந்தனை பெரும்பாலும் தானாகவே நிறைவேறிவிடும்.

தவக்காலத்தைப் பற்றி ஒரு சொல். எல்லாரும் புனித வாரத்துக்கு ஒத்தி வைக்கிறார்கள். பெரிய வியாழனுக்கு முன் வரிசை கோயில் வாசல் வரை நிற்கும், சாமி பாவம், ஒருவருக்கு இரண்டு நிமிடம்கூட ஒதுக்க முடியாது. சாம்பல் புதன் முடிந்த அடுத்த வாரமே போனால் நிதானமாகப் பேச முடியும்.

ஐந்தாம் படி: ஆத்தும சோதனை

ஆத்தும சோதனை என்றால், எங்கெங்கே தவறினோம் என்று மனதை ஆராய்ந்து பார்ப்பது. அற்பப் பாவங்களுக்கான பாவசங்கீர்த்தனம் இங்கேதான் உயிர் பெறும், அல்லது வெறும் சடங்காகிவிடும். அதனால் இதற்கு நேரம் கொடுங்கள். முந்தின நாள் இரவு ஒரு கால் மணி நேரம் போதும்.

பத்துக் கட்டளையை வரிசையாக எடுத்துப் பார்ப்பது ஒரு முறை. புதியவர்களுக்கு அதைவிட எளிதான வழி திருப்பலியில் நாம் சொல்லும் மன்னிப்புச் செபத்திலேயே இருக்கிறது: சிந்தனையாலும், சொல்லாலும், செயலாலும், கடமையில் தவறியதாலும். முதல் மூன்றைப் பற்றி எல்லாரும் யோசிக்கிறார்கள். நான்காவதை யாரும் தொடுவதில்லை. பேச வேண்டிய இடத்தில் பேசாதது, ஆஸ்பத்திரியில் இருந்த அத்தையைப் பார்க்கப் போகாதது, வீட்டு வேலைக்கு வருபவருக்குச் சம்பளத்தை இழுத்தடித்தது, பிள்ளைகளுக்குச் செபம் சொல்லித் தராதது. நல்லவர்கள் என்று பேரெடுத்தவர்களின் அற்பப் பாவங்களில் பாதி இந்தப் பக்கம்தான் கிடக்கும்.

யோசித்ததில் பத்துப் பதினைந்து வந்தால், அத்தனையையும் சொல்ல வேண்டிய கடமை இல்லை. கனமான பாவங்களுக்குத்தான் வகையும் எண்ணிக்கையும் கட்டாயம். அற்பப் பாவங்களில் இரண்டு மூன்றை எடுத்துக்கொள்ளுங்கள். எதை எடுப்பது? அடிக்கடி வருவதை, பிறரை அதிகம் காயப்படுத்துவதை, தெரிந்தே செய்ததை. முக்கியமாக, எதற்காக உண்மையிலேயே மனம் வருந்துகிறீர்களோ அதை. ஒரு பாவத்துக்காவது உண்மையான மனத்துயரும், இனிச் செய்வதில்லை என்ற உறுதியும் இல்லாமல் போனால், இருபது பாவத்தைப் பட்டியலிட்டாலும் பயனில்லை.

அப்புறம், எப்படிச் சொல்வது என்பதையும் யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். "கோபப்பட்டேன்" என்பதைவிட, "காலையில் பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் தினமும் கத்துகிறேன், போன வாரம் கையும் நீட்டிவிட்டேன்" என்று சொல்வது மேல். "பொய் சொன்னேன்" என்பதைவிட, "மேலாளரிடம் திட்டு வாங்கக் கூடாது என்று முடிக்காத வேலையை முடித்ததாகச் சொல்கிறேன்." "பொறாமை" என்பதைவிட, "என் தங்கச்சி நன்றாக இருப்பதைக் கேட்டால் சந்தோஷப்பட முடியவில்லை, அவளிடம் பேசுவதையே குறைத்துவிட்டேன்." இப்படிச் சொன்னால் சாமியால் உங்களுக்கு ஏதாவது உருப்படியாகச் சொல்ல முடியும். உங்களுக்கே வேர் எங்கே இருக்கிறது என்று தெரியும். காலைக் கோபத்தின் வேர் இரவு ஒரு மணி வரை செல்போன் பார்த்ததாக இருக்கலாம்.

உண்மையிலேயே யோசித்தும் இந்த மாதம் ஒன்றும் பிடிபடவில்லை என்றால், ஏற்கெனவே மன்னிக்கப்பட்ட பழைய பாவம் ஒன்றை மறுபடி மனத்துயரோடு சொல்லி அருளடையாளத்தைப் பெறலாம். "இவற்றோடு, என் கடந்த கால வாழ்வில் பிறரன்புக்கு எதிராகச் செய்த எல்லாப் பாவங்களுக்காகவும் மன்னிப்புக் கேட்கிறேன்" என்று முடிப்பது பல காலமாக இருக்கும் வழக்கம்.

ஆறாம் படி: சாமியிடம் போகும்போது

நேரம் பாருங்கள். திருப்பலி தொடங்க ஐந்து நிமிடம் இருக்கும்போது திருவுடை அணிந்துகொண்டிருக்கும் சாமியைப் பிடிக்க வேண்டாம். அரை மணி நேரம் முன்னதாகப் போங்கள், அல்லது முந்தின நாளே கேட்டு வையுங்கள். நியாயமான முறையில் கேட்கிறவர்களுக்குப் பாவசங்கீர்த்தனம் கேட்பது பங்குத்தந்தையின் கடமை என்று சட்டமே சொல்கிறது. தயங்க வேண்டாம். உங்கள் பங்குத்தந்தையிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் பக்கத்துப் பங்குக்குப் போகலாம், வேளாங்கண்ணி போன்ற திருத்தலத்தில் செய்யலாம். அனுமதி பெற்ற எந்தக் குருவிடமும் போகும் சுதந்திரம் உங்களுக்கு உண்டு. வெளிநாட்டில் மொழி தெரியாத இடம் என்றால் மொழிபெயர்ப்பாளர் வைத்தும் செய்யலாம், அவரும் ரகசியம் காக்கக் கடமைப்பட்டவர். ஆனால் போனிலோ வீடியோ அழைப்பிலோ பாவமன்னிப்புப் பெற முடியாது. சாமியும் நீங்களும் நேரில் இருக்க வேண்டும்.

பாவசங்கீர்த்தனத் தொட்டியில் திரைக்கு இந்தப் பக்கம் முழந்தாளிடலாம், வசதி இருந்தால் எதிரே உட்கார்ந்தும் பேசலாம். சிலுவை அடையாளம் வரைந்து, "சாமி, என்னை ஆசீர்வதியுங்கள், நான் பாவி. நான் பாவசங்கீர்த்தனம் செய்து ஒரு மாதம் ஆகிறது" என்று தொடங்குங்கள். நீங்கள் திருமணமானவரா, மாணவரா, என்ன வேலை என்று ஒரு சொல்லில் சொன்னால் ஆலோசனை சொல்ல அவருக்கு உதவும். பிறகு எடுத்து வைத்த இரண்டு மூன்றையும் சொல்லுங்கள். கணவரின் பாவம், மாமியாரின் பாவம், பக்கத்து வீட்டுப் பாவம் எல்லாம் இங்கே வேண்டாம். "அவர் அப்படிச் சொன்னதால்தான் நான்" என்று நீளும் கதையும் வேண்டாம். மற்றவர்களின் பெயரைச் சொல்லவே கூடாது. "இவற்றுக்காகவும் நான் மறந்துபோன பாவங்களுக்காகவும் மன்னிப்புக் கேட்கிறேன்" என்று முடித்துவிட்டு அவர் சொல்வதைக் கேளுங்கள். மொத்தமும் ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

மனத்துயர் செபம் மனப்பாடமாக இல்லை என்றால் ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். அதையும் மறந்துவிட்டால் சொந்த வார்த்தையில் சொல்லுங்கள், சாமி உதவுவார். நீங்கள் சொன்னது எதையும் அவர் யாரிடமும், எக்காரணத்துக்காகவும் வெளியிட முடியாது. அதை நேரடியாக மீறும் குரு அந்தக் கணமே திருச்சபையிலிருந்து விலக்கப்படுகிறார். அவ்வளவு கடுமையான தண்டனை அதற்கு.

சொல்ல நினைத்த ஓர் அற்பப் பாவம் விட்டுப்போனால் பாவசங்கீர்த்தனம் செல்லாமல் போய்விடாது. கனமான பாவத்தைத் தெரிந்தே மறைத்தால்தான் அது செல்லாது.

ஏழாம் படி: வெளியே வந்த பிறகு

சாமி கொடுத்த தவமுயற்சியைக் கோயிலை விட்டுக் கிளம்பும் முன்பே முடித்துவிடுங்கள். மூன்று அருள்நிறை மரியே என்றால் அங்கேயே முழந்தாளிட்டுச் சொல்லிவிடலாம். யாரிடமாவது போய்ப் பேசச் சொல்லியிருந்தால் அந்த வாரத்துக்குள் செய்யுங்கள். மறந்துவிட்டால் நினைவு வந்ததும் செய்தால் போதும், பெற்ற மன்னிப்பு போய்விடாது. பிறகு அடுத்த மாதத் தேதியைக் காலண்டரில் குறித்துவிடுங்கள்.

அடுத்த மாதமும் அதே பாவத்தைத்தான் சொல்லப் போகிறீர்கள். இதில்தான் நிறையப் பேர் மனம் தளர்ந்து நின்றுவிடுகிறார்கள். அதே கோபம், அதே பொய், எதற்குத் திரும்பத் திரும்பப் போவது என்று. குணம் ஒரு மாதத்தில் மாறாது. ஆனால் கவனித்துப் பாருங்கள்: முன்பு கத்தியபின் மூன்று நாள் பேசாமல் இருந்தவர், இப்போது அன்று மாலையே போய்ச் சமாதானம் ஆகிறீர்களா? அதுவே பெரிய மாற்றம். அதே பாவத்தைச் சொன்னாலும், இந்த மாதம் அதை எதிர்த்து என்ன செய்தேன் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். எதுவுமே செய்யவில்லை என்றால் அதையும் சொல்லுங்கள்.

அதிகமாகப் போகிறவர்களுக்கு

சிலருக்குப் பிரச்சினை இதற்கு நேர் எதிர். நேற்று போனவர் இன்று மறுபடி வருவார். "சரியாகச் சொன்னேனா, சாமிக்குப் புரிந்ததா, அந்த நினைப்புக்குச் சம்மதித்தேனா இல்லையா" என்று ஓயாத தவிப்பு. சின்ன விஷயமெல்லாம் சாவான பாவமாகத் தெரியும். இவர்கள் நல்லவர்கள், ஆனால் மிகவும் துன்பப்படுகிறவர்கள். பின்னாளில் இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியாரே 1522இல் ஸ்பெயினின் மன்ரேசா ஊரில் இருந்தபோது இதில் சிக்கினார். சொன்ன பாவங்களையே திரும்பத் திரும்பச் சொல்லி, நிம்மதி கிடைக்காமல், உயிரை விட்டுவிடலாமா என்ற எண்ணம் வரை போனார். கடைசியில், பழைய பாவங்களை இனி மறுபடி அறிக்கையிடுவதில்லை என்று முடிவெடுத்தபோதுதான் விடுதலை கிடைத்தது. பின்னாளில் எத்தனையோ பேருக்கு அவர் வழிகாட்டியானார்.

உங்களுக்கு இப்படி இருந்தால், மேலே சொன்ன எதையும் விட இதைக் கேளுங்கள்: ஒரே ஒரு சாமியைப் பிடித்துக்கொள்ளுங்கள், உங்கள் நிலையை அவரிடம் சொல்லுங்கள், எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதை அவரே முடிவு செய்யட்டும். அவர் மாதம் ஒருமுறை போதும் என்றால், நடுவில் எவ்வளவு தவிப்பு வந்தாலும் போகாதீர்கள், நற்கருணையையும் விடாதீர்கள். மன்னிக்கப்பட்டதை மறுபடி சொல்லாதீர்கள். தவிப்பு தூக்கத்தையும் சாப்பாட்டையும் கெடுத்தால் மனநல மருத்துவரையும் பாருங்கள். அது விசுவாசக் குறைவு ஆகாது.

இடைவெளி விழுந்துவிட்டால்

மாதம் ஒருமுறை என்று தொடங்கி, வேலை, பயணம், குழந்தை பிறப்பு என்று மூன்று நான்கு மாதம் விட்டுப்போவது சகஜம். அற்பப் பாவங்கள் மட்டும் என்றால் அதனால் நீங்கள் எந்தக் கட்டளையையும் மீறிவிடவில்லை. விட்டுப்போன மாதங்களுக்கு ஈடுகட்ட நீண்ட பட்டியலும் தயாரிக்க வேண்டாம். அடுத்து வரும் முதல் வெள்ளிக்கு வழக்கம்போல இரண்டு மூன்றை எடுத்துக்கொண்டு போங்கள். "சாமி, எத்தனை மாதம் என்று சரியாக நினைவில்லை, நான்கு மாதத்துக்கு மேல் இருக்கும்" என்று தொடங்கினால் போதும். அதற்கு மேல் கணக்குக் கேட்க மாட்டார்.